மேகம் குடியிருக்கும் மலை

"பறவை பார்ப்பதற்காகவா பூமியின் மறுபக்கத்துக்குப் போகிறீர்கள்? நம் கொல்லையில் இல்லாத காக்கையா, மைனாவா?" என்று அடுத்த வீட்டுப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு எங்களால் சிரிக்கத்தான் முடிந்தது. போய்த் திரும்பிய பிறகு அவருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அதை நேயர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் கோஷ்டியில் நாலு பேர். நாங்கள் இருவர், எங்கள் பத்து வயதுப் பெண், குடும்ப நண்பரான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். புறப்படுவதற்கு முதல் நாள் தலைமையாசிரியர் உலகப் படத்தை மேஜைமேல் விரித்தார். கொடைக்கானலின்மீது குழந்தையின் விரலை வைத்து, "இந்த அட்சரேகையை விடாமல் பிடித்துக்கொண்டு மேற்கே போ, அம்மா" என்றார். விரல் அரபிக் கடலைத் தாண்டிற்று, ஆப்பிரிக்காவைக் கடந்தது, அட்லாண்டிக் சமுத்திரத்தை நீந்தி, வெனிசுவேலாவின் கரையை உரசிக்கொண்டு, இரண்டு அமெரிக்காக்களையும் இணைக்கும் மெல்லிய இடுப்பில் போய் நின்றது. அதுதான் கோஸ்டா ரீகா தேசம். நின்ற இடம் மான்டிவெர்டே. ஸ்பானிய பாஷையில் 'பச்சை மலை' என்று பொருள். கொடைக்கானலும் அந்த மலையும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒரே பாகையில் இருக்கின்றன. இடையிலே உள்ள தூரந்தான் 16,000 கிலோமீட்டருக்கு மேல்!

கோஸ்டா ரீகா தமிழ்நாட்டில் பாதிகூட இல்லாத சிறு தேசம். 51,100 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 900-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே காணக் கிடைக்கின்றன. 1948-இல் அந்நாட்டார் தங்கள் சைன்யத்தையே கலைத்துவிட்டார்கள். மறு ஆண்டு எழுதிய அரசியல் சட்டத்திலும் நிரந்தரச் சேனை கூடாது என்று விதித்தார்கள். கண்ணைப் பறிக்கும் வர்ணப் பறவைகள் நூற்றுக்கணக்கில் இருக்க, 1977-இல் அவர்கள் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? களிமண் நிறத்தில், அடக்கமாக, வீட்டுத் தோட்டங்களில் திரியும் ஒரு சாதாரணப் பாடும் பறவையை! மழைக்காலம் நெருங்கும்போது அது பாடத் தொடங்கும். அது பாடித்தான் மழையை வரவழைக்கிறது என்று குடியானவர்கள் சொல்வார்களாம். இந்த இரண்டு செய்திகளையும் கேட்டவுடனேயே தலைமையாசிரியருக்கு அந்தத் தேசத்தின்மேல் மதிப்பு ஏற்பட்டுவிட்டது.

யுத்தம் வேண்டாம் என்றவர்கள்

தலைநகரான சான் ஹோஸேயிலிருந்து மோட்டாரில் சுமார் 4 மணி நேரப் பிரயாணம். கடைசிப் பகுதி மலைப்பாதை. நீண்ட காலம் அது கப்பிக்கல்லும் சேறுமாகவே இருந்ததாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தி நேரம். மூடுபனி தெருவிலே நடமாடிக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது ஒரு சிறு கலவரம். உணவுப் பட்டியலில் இருந்த பதார்த்தத்தின் பெயருக்குப் 'புள்ளிச் சேவல்' என்று அர்த்தம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சுத்த சைவரான தலைமையாசிரியர் கையை எடுத்துக்கொண்டார். வந்து பார்த்தால் வெறும் சோறும் கறுப்பு அவரை விதையும் கலந்த கலவை! துணிப்பையில் வடித்த காப்பியும் வந்தது. அதன்பின் ஐந்து நாளும் அவர் புள்ளிச் சேவலை விடவில்லை.

அந்த ஊரின் கதையை எங்கள் வழிகாட்டி அன்றிரவு சொன்னார். அவர் உள்ளூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

1948-இல் ஐக்கிய அமெரிக்க சர்க்கார், சமாதான காலத்திலும் வாலிபர்கள் பட்டாளத்துக்குப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தது. அலபாமா மாகாணத்தில் ஃபேர்ஹோப் என்ற ஊரில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமூகத்தினர் வாழ்ந்து வந்தார்கள். எந்தக் காரணத்துக்காகவும் மனிதனை மனிதன் கொல்லலாகாது என்பது அவர்களுடைய கொள்கை. அவர்களில் நாலு வாலிபர்கள் பெயர் கொடுக்க மறுத்தார்கள். 1949-இல் சிறை சென்றார்கள். சட்டத்தை மீறிச் சிறை புகுந்த தாத்தாக்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகையால் இந்தக் கதை எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

சிறையிலிருந்து மீண்ட பிறகு, சேனை இல்லாத தேசம் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு, 1951-இல் பதினொரு குடும்பங்கள், சுமார் 44 பேர், இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய 1,400 ஹெக்டேர் நிலத்தை வாங்கினார்கள். பசு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்து விற்றார்கள். ஆனால் வாங்கிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 554 ஹெக்டேர் மலைக்காட்டில், யாரும் கோடரி வைக்கலாகாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அப்போது அவர்கள் பறவையை நினைக்கவில்லை. தண்ணீரைத்தான் நினைத்தார்கள். மேலே காடு இருந்தால்தான் கீழே ஓடை ஓடும் என்பது குடியானவனுக்குத் தெரியாதா?

பறவையை நினைத்தவர் பின்னால் வந்தார். ஜார்ஜ் பவல் என்ற ஆராய்ச்சி மாணவர் பறவைகளைப் பற்றிப் படிக்க வந்து, சுற்றுப்புறக் காடுகள் அழிவதைக் கண்டு, 1972-இல் காப்புக்காடு அமையக் காரணமானார். அவருக்குத் துணை நின்றவர் வில்ஃபோர்ட் கின்டன். சிறை சென்ற நால்வரில் ஒருவர் இவர். காட்டை வெட்டிப் பண்ணை செய்தவர். மரம் அறுக்கும் யந்திரங்களை விற்றவர். அதே மனிதர் பிறகு ஆயுள் முழுவதும் அந்தக் காட்டுக்குக் காவலாக இருந்து 2016-இல் காலமானார்.

மேகத்துக்குள்ளே

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கே எழுப்பிவிட்டார் வழிகாட்டி. நம் ஊரில் அப்போது மாலை நாலு மணி. உடம்பு இன்னும் சென்னைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தபடியால், எழுந்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

முதலில் சான்டா எலேனா காப்புக்காட்டுக்குப் போனோம். 310 ஹெக்டேர் கொண்ட இந்தக் காட்டை 1992 முதல் நடத்தி வருவது உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்கூடம். நுழைவுக் கட்டணம் பள்ளிக்குப் போகிறது. "ஐம்பது வருஷ உத்தியோகத்தில் எனக்கு ஒரு விளையாட்டு மைதானம் கிடைக்கவில்லை, இவர்களுக்கு ஒரு காடே கிடைத்திருக்கிறது!" என்று தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். வருஷக் கணக்கில் சற்று மிகைதான், நாங்கள் திருத்தவில்லை.

உள்ளே காலெடுத்து வைத்த க்ஷணத்திலேயே உலகம் மாறிவிட்டது. மழை பெய்யவில்லை; ஆனால் எங்கும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரீபியன் கடலிலிருந்து வீசும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் காட்டின் ஊடே புகுந்து செல்லும்போது ஒவ்வோர் இலையும் பாசியும் அதைப் பிடித்துப் பிழிந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. மழையில்லாத மாதங்களிலும் ஓடைகள் வற்றாமல் இருப்பது இதனால்தான். மரங்களில் பட்டை தெரியவில்லை. பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று ஒவ்வொரு கிளையும் ஒரு தோட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றது.

ஆனால் பறவை எங்கே? ஒரு மணி நேரம் நடந்தும் கண்ணில் ஒன்றும் படவில்லை. பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தால் வெண்மைதான் தெரிந்தது. "நீங்கள் பேசிக்கொண்டே வருகிறீர்கள்" என்றார் வழிகாட்டி, மரியாதையாக. நாங்கள் வெட்கப்பட்டு வாயை மூடினோம். பத்து நிமிஷம் சென்றிருக்கும். மேகத்துக்குள்ளிருந்து யாரோ புல்லாங்குழலைச் சுருதி சேர்ப்பது போல் ஒரு நாதம் எழுந்தது. கரிய முகமும் சாம்பல் உடலும் கொண்ட சாலிட்டேர் என்ற பறவை அது. இந்தக் குரலுக்காகவே அதைக் கண்ணி வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைப்பார்களாம். பறவையைக் கடைசிவரை நாங்கள் பார்க்கவில்லை. இருந்தாலும் குழந்தை தன் குறிப்புப் புத்தகத்தில் முதல் பெயராக அதைத்தான் எழுதினாள். "காது கேட்டாலும் கணக்கில் சேரும்" என்று வழிகாட்டி தீர்ப்பளித்தார்.

இரண்டாம் நாள் கூரி-கான்ச்சா காப்புக்காடு. முன்பு குவேக்கர்களின் பண்ணையாக இருந்த இடம். பாதி பழங்காடு, பாதி, மேய்ச்சல் நிலம் மீண்டும் காடாகிக்கொண்டிருப்பது. அங்கே திடீரென்று யாரோ வெண்கலப் பாத்திரத்தில் சுத்தியால் ஓங்கி ஓர் அடி அடித்தது போல் சத்தம் கேட்டது. அதுதான் மணிப்பறவை. வெண்மையான தலை, செங்காவி உடல், அலகின் அடியிலிருந்து தொங்கும் மூன்று கரிய தசை நாடாக்கள். "மாமா, அதற்கு மீசை மூன்று!" என்று குழந்தை தலைமையாசிரியரிடம் கூவினாள். வாயைப் பிளந்து அது எழுப்பும் ஒலி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குக் கேட்குமாம். இதில் விசேஷம் என்னவென்றால், நிக்கராகுவாவில் உள்ள மணிப்பறவையும் இங்குள்ளதும் வேறு வேறு விதமாகக் குரல் கொடுக்கின்றன. பறவைகளுக்குள்ளும் திருநெல்வேலித் தமிழ், கோயமுத்தூர்த் தமிழ் உண்டு போலும்!

அங்கேயே ரீங்காரச் சிட்டுகளையும் கண்டோம். நம் தேன்சிட்டுக்கு ஒப்பானவை, ஆனால் உறவல்ல. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத குலம் இது. ஊதா நிற வாள்சிறகன் ஒன்று எங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் அந்தரத்தில் நின்று எங்களைப் பரிசோதித்துவிட்டுப் போயிற்று. தாமிரத் தலையுள்ள மரகதச் சிட்டு ஒன்றும் வந்தது. கோஸ்டா ரீகாவைத் தவிர உலகில் வேறெங்கும் அதைக் காண முடியாது.

மூன்றாம் நாள், 'குழந்தைகளின் நித்தியக் காடு'. 1987-இல் ஸ்வீடன் தேசத்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஆசிரியை வெப்பமண்டலக் காடுகள் அழிவதைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுச் சிறுவன் எழுந்து, "அந்தக் காட்டைக் காப்பாற்ற நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டான். பிள்ளைகள் நாடகம் போட்டும் பண்டங்கள் விற்றும் பணம் திரட்டினார்கள். 44 தேசங்களின் குழந்தைகள் பிறகு அதில் சேர்ந்துகொண்டார்கள். இன்று அந்தக் காடு 22,000 ஹெக்டேருக்கு மேல். அத்தேசத்தில் தனியார் காப்புக்காடுகளில் அதுவே மிகப் பெரியது. எங்கள் பெண் இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மௌனக் கூடம்

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குவேக்கர்களின் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனோம். குருக்கள் இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. பெஞ்சுகளில் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்காவது உள்ளத்தில் ஏதேனும் தோன்றினால் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லலாம். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தக் களிமண் நிறத் தேசியப் பறவை மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகக் காட்டில் வாயை மூடிப் பழகியிருந்ததால் எங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் சிரமமாகத் தோன்றவில்லை.

பொன் தேரை

கடைசி நாள், மான்டிவெர்டே காப்புக்காடு. பொழுது புலரும் வேளையில் வழிகாட்டி சட்டென்று நின்று கையை உயர்த்தினார். காட்டு வெண்ணெய்ப்பழ மரம் ஒன்றின் கிளையில் ஏதோ பச்சையாக அசைந்தது. முக்காலியின்மேல் வைத்த தொலைநோக்கியை அவர் திருப்பி வைக்க, ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தோம்.

கெட்ஸால்! மரகதமும் பொன்னும் குழைத்த முதுகு. குங்குமச் சிவப்பான வயிறு. உடலைவிட நீளமாக, மெல்லிய நாடா போல் காற்றில் அலையும் வாலிறகு. மாயா, அஸ்டெக் மக்கள் தெய்வீகமாகப் போற்றிய பறவை. குவாதமாலா தேசத்தில் நாணயத்துக்கே இதன் பெயர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் தீக்காக்கையும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமா? பரதேசத்தில் உறவினரைச் சந்தித்தாற்போல் இருந்தது. பழம் ஒன்றைப் பறித்துக்கொண்டு அது பட்டுப்போன மரத்துப் பொந்துக்குப் பறந்தது. உள்ளே குஞ்சு இருந்தது போலும்.

நாங்கள் பரவசமாக நிற்கையில் வேறொரு பறவை பக்கத்து மரத்தில் வந்து அமர்ந்தது. வானவில்லின் நிறங்களைப் பூசிய பெரிய அலகு. "டூக்கன்!" என்று குழந்தை மகிழ்ந்தாள். வழிகாட்டி மகிழவில்லை.

"என் அப்பா சிறுவனாக இருந்தபோது இந்தப் பறவை கீழே வெப்பமான காடுகளில்தான் கூடு கட்டும். இப்போது மேலே ஏறி வந்துவிட்டது. கெட்ஸாலின் பக்கத்திலேயே குடியிருக்கிறது. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பது இதன் வழக்கம்" என்றார்.

ஏன் மேலே வந்தது? இதற்கு விடையாக அவர் ஒரு மலைமுகட்டைச் சுட்டிக் காட்டினார். அந்த முகட்டில் ஒரு காலத்தில் பொன் தேரை என்னும் ஜீவன் வாழ்ந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1966-இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். ஆண் தேரை, உருக்கிய பொன்னில் தோய்த்தெடுத்தாற்போல் இருக்கும். வருஷத்தில் சில நாட்கள் மட்டும், முதல் மழையில், மரவேர்களுக்கிடையே தேங்கும் சிறு குட்டைகளில் கூடும். 1987-இல் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கூடியதைக் கண்டார்கள். 1988-இல் பத்துப் பதினொன்று. 1989-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒன்றே ஒன்று. அந்த ஆண் தேரை குட்டையருகே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்ததாம். பிறகு யாரும் பார்க்கவில்லை. 2004-இல் அந்த இனம் பூண்டோடு மறைந்ததாக அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் பெண் கேட்டாள்: "அப்போது இந்தக் காட்டைக் காவல் காத்தார்கள் அல்லவா? யாரும் மரம் வெட்டவில்லையே? பிடித்துக்கொண்டு போகவில்லையே?"

"இல்லை, குழந்தை. ஒரு மரத்தையும் யாரும் வெட்டவில்லை" என்றார் வழிகாட்டி.

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேரைகளைத் தாக்கும் ஒருவகைக் காளான் நோய் காரணம் என்பார்கள். அந்த வருஷங்களின் வறட்சி காரணம் என்பார்கள். எது முதற் காரணம் என்பதில் விஞ்ஞானிகள் ஒருமனதாக இல்லை. ஆனால் அங்கேயே வாழ்ந்து ஆராய்ந்த ஆலன் பவுண்ட்ஸ் முதலியோர் 1999-இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார்கள். 1970-களுக்குப் பிறகு, வேனில் மாதங்களில் மூடுபனியே இல்லாத நாட்கள் பெருகி வந்திருக்கின்றன. கடலும் காற்றும் சூடாகச் சூடாக, மேகம் உருவாகும் உயரம் மேலே போகிறது. சமவெளிக் காடுகளை அழித்ததும் காற்றின் ஈரத்தைக் குறைத்திருக்கலாம் என்று 2001-இல் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் கூறினார்கள். எப்படியாயினும், கீழே இருந்த ஜீவன்கள் மேலே ஏறுகின்றன. மேலே இருந்தவை எங்கே போகும்? மலை ஏற ஏறக் குறுகுகிறது. உச்சிக்கு மேல் இடமில்லை.

சிறைக்கு அஞ்சாதவர்கள் நிலம் வாங்கினார்கள், கட்டுப்பாடு செய்தார்கள், குழந்தைகள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் காவல் காக்கிறது. இவ்வளவும் வீண் போகவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் கெட்ஸாலும் மணிப்பறவையும் அந்த மலையில் இன்றைக்கு இருந்திரா. ஆனால் காட்டுக்கு வேலி போடலாம். மேகத்துக்குப் போட முடியாதே! அதைச் சுட வைக்கும் புகை உலகத்தில் உள்ள ஒவ்வொரு நகரத்திலிருந்தும் எழுகிறது. எங்களைச் சுமந்து சென்ற ஆகாய விமானத்தின் புகையும் அதில் சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் மறைப்பது நேயர்களுக்குச் செய்யும் துரோகம்.

திரும்பும் வழியில் தலைமையாசிரியர் நெடுநேரம் யோசனையில் இருந்தார். "பழனி மலைச் சோலைகளும் மேகம் தங்கும் காடுகள்தாமே? நம் ஆறுகளுக்குத் தண்ணீர் தருவதும் அப்படிப்பட்ட மலைகள்தானே? அடுத்த கோடையில் அங்கே போவோம். ரெயிலிலேயே போகலாம்" என்றார். நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே அடுத்த வீட்டுப் பெரியவர் விசாரிக்க வந்துவிட்டார். முன்சொன்ன கதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். குழந்தை தன் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். ஐந்து நாளில் 74 பறவைகள், நம்பர் போட்டு எழுதியிருந்தாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில், நம்பர் இல்லாமல், 'பொன் தேரை – பார்க்கவில்லை' என்று ஒரு வரி இருந்தது.

"பார்க்காததை எதற்கு அம்மா எழுதினாய்?" என்று கேட்டார்.

"எழுதாவிட்டால் மறந்துபோய்விடும், தாத்தா" என்றாள்.